ஐயமும் அறமும்

மல்லாபூரில் வாழும் நம்மவருக்குச் செர்லபள்ளி என்னும் பெயர் புதிதன்று. 2025ஆம் ஆண்டு அங்குத் திறக்கப்பெற்ற புதிய இரயில் முனையத்தால் இன்று பலரும் அவ்வூரை அறிவர். ஆயின் அதற்கு நெடுநாள் முன்பிருந்தே அவ்வூருக்கு வேறோர் அடையாளம் உண்டு. அங்கே மத்தியச் சிறைச்சாலை இருக்கிறது. அதனோடு, கைதிகள் வேளாண் தொழில் செய்து வாழும் திறந்தவெளிச் சிறை ஒன்றும் இருக்கிறது. உயர்ந்த மதிலும் இரும்புக் கம்பியும் செய்ய வேண்டிய காவலை அங்கே கைதியின் சொந்த மனமே செய்கிறது. நீண்ட தண்டனையின் பெரும்பகுதியைக் கழித்து, நன்னடத்தையால் தேர்ந்தெடுக்கப்பட்டோரே அவ்விடத்துக்கு அனுப்பப்படுகின்றனர்.

அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டு, அங்கே சில ஆண்டுகள் பயிர்த்தொழில் செய்து, பின்னர் விடுதலை பெற்ற ஒருவர், நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்துக்கு வாட்ச்மேன் வேலை கேட்டு வந்தார். ஐம்பதைக் கடந்தவர். இளமையில் சொந்த ஊரில் நிலத்தகராறு ஒன்றில் உறவினர் ஒருவரைக் கொன்றதற்காக ஆயுள் தண்டனை பெற்றவர். அதனை அவர் மறைக்கவில்லை. விடுதலைச் சான்றிதழை அவரே எடுத்து மேசைமீது வைத்தார். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளன் என்ற முறையில் நான் அங்கு அமர்ந்திருந்தேன். ஐவர் கொண்ட குழு பத்து மணித்துளிகள் பேசியது. மாலையில் தனியே வீடு திரும்பும் பெண்கள் இருக்கிறார்கள், முதியோர் இருக்கிறார்கள் என்றனர். எனக்கும் இரு பெண்கள் உண்டு. நானும் தலையசைத்தேன். அலுவலகக் கோப்புகளில் இருபது ஆண்டுகள் குறிப்பெழுதிப் பழகிய கை, நடவடிக்கைக் குறிப்பேட்டில் "பரிசீலிக்கப்பட்டது, ஏற்பதற்கில்லை" என்று தயக்கமின்றி எழுதியது.

முடிவைச் சொன்னபோது அவர் சினக்கவில்லை. சான்றிதழை மடித்து உறையிலிட்டுக் கொண்டார். புறப்படும் முன் தெலுங்கில் ஒன்று கேட்டார்: "எத்தனை வருடம் கழித்து வரட்டும், ஐயா?"

அதற்கு விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. பகடியாகவோ பழியாகவோ கேட்டதாக அது தோன்றவில்லை. கடன்பட்டவன் தவணை கேட்பதுபோல் கேட்டார். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

தண்டனை என்பது நடந்து முடிந்ததற்கு உரியது. செய்த குற்றத்தின் அளவைச் சட்டம் கூறுகிறது. அதற்குரிய காலத்தை நீதிமன்றம் வரையறுக்கிறது. காலம் முடிந்தால் கணக்கு முடிந்தது. ஆனால் அந்த மேசையில் நாங்கள் ஆராய்ந்தது நடந்ததை அன்று; நடக்கக்கூடியதை. இவர் மீண்டும் தவறுவாரா என்பதே எங்கள் வினா. இன்னும் நிகழாத ஒன்றுக்காக ஒரு மனிதனிடமிருந்து ஒன்றைப் பறிக்க எவருக்கேனும் உரிமை உண்டா?

இல்லை என்று உடனே கூறிவிடத் தோன்றும். அது எளிய விடை. ஆனால் முழு விடை ஆகாது. மனைவியைப் பலமுறை அடித்துச் சிறை சென்றவன் திரும்பி வரும் நாளில், அந்தப் பெண்ணிடம் சென்று, நடக்காததைப் பற்றி நாம் நினைக்கலாகாது அம்மா என்று கூற எவருக்கு மனம் வரும்? அவளுடைய அச்சமும் ஒரு கணிப்பே. பட்டறிவால் விளைந்த கணிப்பு. பிணை வழங்கும் நீதிபதியும், பரோல் வழங்கும் அதிகாரியும், வீடு வாடகைக்கு விடும் உரிமையாளரும் நாள்தோறும் இத்தகைய கணிப்பையே செய்கின்றனர். கணிக்காமல் வாழ இயலாது. ஆகவே நாம் எண்ண வேண்டியது, எதைக்கொண்டு கணிக்கிறோம், கணித்தபின் அம்மனிதனுக்கு என்ன செய்கிறோம் என்னும் இரண்டையுமே.

நம் இலக்கியத்திலேயே இதற்கு ஒரு பெருஞ்சான்று உண்டு. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், கோவலனைக் கண்ட காவலர்கள், இவன் தோற்றம் கொலைக்குரியவன் தோற்றமன்று என்று தயங்குகின்றனர். அப்போது பொற்கொல்லன் நகைத்து, கள்வரின் இயல்பை விரித்துரைக்கத் தொடங்குகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டும் கள்வர்க்குத் துணை என்று களவு நூலையே எடுத்துக் கூறுகிறான். அவன் கூறியதில் ஒன்றேனும் கோவலனைப் பற்றியதன்று. யாவும் கள்வர் என்னும் இனத்தைப் பற்றியவை. கண்ணெதிரே நின்ற ஒருவனைக் குறித்துக் காவலர் கண்டறிந்தது தோற்றது. பொதுப்படையான கள்வர் இலக்கணம் வென்றது. குடிவெறியில் இருந்த காவலன் ஒருவனின் வாள் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. உண்மைக் கள்வனோ, அந்த இலக்கணத்தை ஓதிக்கொண்டிருந்த பொற்கொல்லனே!

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 1871ஆம் ஆண்டு ஆங்கிலேய அரசு குற்றப் பழங்குடிகள் சட்டம் இயற்றியது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒருவன் என்ன செய்தான் என்று அச்சட்டம் கேட்கவில்லை. எக்குலத்தில் பிறந்தான் என்றே கேட்டது. மதுரைச் சீமையின் பிறமலைக் கள்ளர் கைரேகை பதிக்கவும், இரவில் காவலர் பார்வையில் கிடக்கவும் கட்டாயப்படுத்தப்பட்டனர். அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்னும் பெண் உள்படப் பலர் உயிர் நீத்தனர். அம்மக்களுக்காக வழக்காடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை ரோசாப்பூ துரை என்று மதுரை வட்டாரம் இன்றும் நினைவுகூர்கிறது. முத்துராமலிங்கத் தேவர் முதலியோரின் தொடர்ந்த போராட்டத்தின் பின் சென்னை மாகாணத்தில் 1947லும், நாடு முழுமைக்கும் 1952 ஆகஸ்டு 31லும் அச்சட்டம் நீக்கப்பெற்றது.

நாம் வாழவந்த தெலுங்கு நாட்டிலும் இதே கதைதான். இன்றைய பாபட்லா மாவட்டத்து ஸ்டூவர்ட்புரம், அச்சட்டத்தின்கீழ் எருகுல மக்களைக் குடியேற்ற அமைத்த ஊர். ஊரின் பெயரே ஐயத்துக்கு மறுபெயராகிவிட்டது. கவிஞர் குர்ரம் ஜாஷுவாவின் மகளான ஹேமலதாவும் அவர் கணவர் லவணமும் 1970களில் அங்குச் சென்று, திருந்தி வாழ விரும்பியோர்க்குத் தோள் கொடுத்தனர். சட்டம் நீங்கிய பின்னும் ஐயம் நீங்கவில்லை என்பதற்கு அவர்கள் பணி தேவைப்பட்டதே சான்று. வழக்கக் குற்றவாளிகள் சட்டங்கள் என்ற பெயரில் பழைய நிழல் பல மாநிலங்களில் தொடர்ந்தது. 2024 அக்டோபர் 3ஆம் நாளில்தான் உச்ச நீதிமன்றம், சிறை விதிநூல்களில் சாதி பார்த்து வேலையும் இடமும் பிரிக்கும் விதிகளைச் செல்லாதவை என்று கூறி, சிறைப் பதிவேடுகளில் சாதிக்குரிய பத்தியையே நீக்கப் பணித்தது.

மேல்நாடுகளில் இத்துறை எண்கணிதத்தின் வழியே வளர்ந்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், பரோலில் விடப்பட்ட 3000 பேரின் பதிவுகளை எர்னஸ்ட் பர்ஜஸ் என்னும் சமூகவியலார் ஆராய்ந்து, 1928இல் 21 கூறுகள் கொண்ட அட்டவணை ஒன்றை வகுத்தார். குற்றத்தின் வகை, வயது, தொழில், முன்தண்டனை முதலியவற்றுக்கு மதிப்பிட்டு, எவர் மீண்டும் தவறக்கூடும் என்று கணிக்க முயன்றார். அவர் பகுத்த மனித வகைகளுள் "அண்மையில் குடியேறியவர்" என்பதும் ஒன்று. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நம்மைப் போன்றோர் அவ்வட்டவணையில் ஒரு தனிப் பெட்டிக்குள் அடைபடுவோம் என்பதை நினைத்துப் பார்க்கையில் சற்றே உறுத்துகிறது.

பிற்காலத்தில் கனடா நாட்டு உளவியலார் இதனைச் செம்மைப்படுத்தினர். மாறாக் கூறுகள், மாறும் கூறுகள் என இரண்டாகப் பிரித்தனர். முதற்குற்றம் செய்த வயதும் பழைய தண்டனையும் மாறாதவை. குடிப்பழக்கம், வேலையின்மை, கூடா நட்பு, குற்றத்தை நியாயப்படுத்தும் மனப்போக்கு ஆகியவை மாறக்கூடியவை. எவனிடம் அபாயம் மிகுதியோ அவனுக்கே மிகுதியான உதவி, எக்குறை குற்றத்துக்கு இட்டுச் செல்கிறதோ அக்குறைக்கே மருந்து, அவனுக்கு எட்டும் வகையில் பயிற்சி என்பன அவர்கள் வகுத்த நெறி. நோயைக் கணிப்பது மருந்து கொடுக்கவே என்னும் கருத்து இதன் அடியில் இருக்கிறது. இது போற்றத்தக்கது.

எனினும் கணிப்பொறி வந்தபின் வேறோர் இடர் தோன்றியது. காம்பாஸ் என்னும் அமெரிக்க மதிப்பீட்டு முறையை 2016இல் செய்தி ஆய்வாளர்கள் சோதித்தனர். ஃபுளோரிடாவின் ஒரு மாவட்டத்தில், பின்னர்க் குற்றம் செய்யாதவர்களுள், அபாயமிக்கோர் என்று தவறாகக் குறிக்கப்பட்டவர் விகிதம் வெள்ளையரிடையே இருந்ததைப் போல் கறுப்பரிடையே ஏறத்தாழ இருமடங்கு என்று அவர்கள் வெளியிட்டனர். இக்கணக்கை அம்முறையை உருவாக்கியோர் மறுத்தனர். வாதம் இன்னும் ஓயவில்லை. அதே ஆண்டு விஸ்கான்சின் மாநில உயர்மன்றம், அம்மதிப்பெண்ணை நீதிபதி பார்க்கலாம், ஆனால் அது ஒன்றையே கொண்டு தண்டனையை முடிவு செய்யலாகாது என்று தீர்ப்பளித்தது. எவர் தெருவில் காவலர் மிகுதியாகச் சுற்றுகின்றனரோ அவர்மீதே வழக்கும் மிகுதியாகப் பதிவாகும். அப்பதிவே நாளைய கணிப்புக்கு உணவாகும். பொற்கொல்லன் மனத்திலிருந்து ஓதியதை இன்று பொறி ஓதலாம். ஓதப்படுவது எங்கிருந்து வந்தது என்று கேட்கும் கடமை நமக்கு மாறவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் இதில் வாய்மூடி இருக்கவில்லை. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம், தகுந்த குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விட வழிசெய்கிறது. அவ்வாறு விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதிக்குறைவு சேராது என்றும் கூறுகிறது. ஆயுள் கைதிகளை முன்னதாக விடுவிப்பது பற்றி உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு ஒரு தீர்ப்பில் ஐந்து வினாக்களை எழுப்பியது. குற்றம் சமுதாயம் முழுவதையும் தாக்காத தனிச்செயலா? மீண்டும் நிகழ வாய்ப்புண்டா? குற்றம் புரியும் ஆற்றல் அவரிடம் எஞ்சியுள்ளதா? மேலும் சிறையில் வைப்பதால் பயன் உண்டா? அவர் குடும்பத்தின் நிலை என்ன? 2023இல் மத்திய உள்துறை வகுத்த மாதிரிச் சிறைச் சட்டமும், ஒவ்வொரு கைதிக்கும் தனித்தனியே பாதுகாப்பு மதிப்பீடும் தண்டனைக் காலத் திட்டமும் வேண்டும் என்கிறது.

இங்கேதான் என் மனம் என்னைக் குத்துகிறது. எங்கள் மேசைக்கு வந்தவரைச் சிறை அதிகாரிகள் பல ஆண்டுகள் அருகிருந்து நோக்கினர். ஓடிப்போக வழியிருந்தும் ஓடாதவர் என்று திறந்தவெளிச் சிறை அறிந்திருந்தது. அரசு ஆராய்ந்து விடுவித்தது. இத்தனை ஆண்டு ஆராய்ச்சியை நாங்கள் பத்து மணித்துளிகளில் தள்ளுபடி செய்தோம். அவரிடம் ஒரு வினாவும் கேட்கவில்லை. கொலை என்ற ஒரு சொல்லைக் கேட்டோம். எங்கள் களவு நூலை ஓதிக்கொண்டோம்.

நம்பிக்கை வைப்பதில் இருவகைப் பிழை நேரலாம். தகாதவனை நம்பிவிடுவது ஒன்று. தக்கவனை நம்ப மறுப்பது மற்றொன்று. முதற்பிழை மறுநாள் செய்தித்தாளில் வரும். அதைச் செய்தவனை ஊர் ஏசும். இரண்டாம் பிழை எங்கும் வராது. வேலை மறுக்கப்பட்டு, தெருமுனையில் மறைந்துபோன மனிதன், கொடுத்திருந்தால் ஒழுங்காக வாழ்ந்திருப்பான் என்பதை எவர் நிரூபிக்க முடியும்? ஒரு பிழைக்குத் தண்டனையும் மற்றொரு பிழைக்கு மறதியும் கிடைக்குமானால், அஞ்சுபவன் எப்பக்கம் சாய்வான் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனை நாம் எச்சரிக்கை என்று அழைத்துக்கொள்கிறோம். பல நேரங்களில் அது நம் பெயரைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடே. திருக்குறள் தெரிந்து தெளிதலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தது. தெரிதலும் தெளிதலும் அங்கே ஒருங்கே நிற்கின்றன. ஆராய்வதை விட்டு நம்புவது பேதைமை என்றால், ஆராயாமலே ஐயுறுவதும் பேதைமையே.

இன்னொன்றையும் எண்ண வேண்டும். அபாயம் என்பது ஒரு மனிதனுக்குள் மட்டும் குடியிருக்கும் பொருளன்று. அவன் திரும்பிவரும் வாசலிலும் அது இருக்கிறது. வேலையும் கூரையும் உறவும் கிடைத்தவன் நிலைபெறுகிறான். ஒன்றும் கிடைக்காதவன் பழைய கூட்டாளியிடமே போகிறான். போனபின், முன்பே சொன்னோமே என்கிறோம். நம் கணிப்பை நாமே நிறைவேற்றிக்கொள்ளும் வகை இது. இதனை உணர்ந்தே தெலங்கானா சிறைத்துறை பெட்ரோல் நிலையங்களை நடத்தி, அவற்றில் கைதிகளுக்கும் விடுதலையானோருக்கும் வேலை அளித்து வருகிறது. நம்மில் பலர் அங்கே வண்டிக்கு எண்ணெய் நிரப்பியிருப்போம். மீதிச் சில்லறையை எண்ணாமலே பையில் போட்டிருப்போம். அங்கே நம்பியவர்கள் வீட்டு வாசலில் நம்ப மறுக்கிறோம்.

வி. சாந்தாராம் 1957இல் எடுத்த "தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்" படத்தையும், அதனைத் தழுவி 1975இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த "பல்லாண்டு வாழ்க" படத்தையும் பார்த்துக் கண்கலங்காதவர் நம் தலைமுறையில் குறைவு. ஔந்து சமஸ்தானத்தின் சுதந்திரபூரில் உண்மையாகவே நடந்த சோதனை அக்கதைக்கு அடி. திரையில் அறுவரை நம்பிக் கைதட்டினோம். படம் முடிந்து விளக்கு எரிந்ததும் அந்நம்பிக்கையை இருக்கையிலேயே விட்டு வந்தோம் போலும்.

அப்படியாயின் எத்தனை ஆண்டு? அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு இதே வினாவை எடுத்துக்கொண்டது. நியூயார்க் மாநிலத்தில் 1980இல் முதன்முறை கைதானவர்களின் பிற்கால வாழ்வை ஆல்ஃபிரட் புளும்ஸ்டைனும் நக்கமுராவும் கணக்கிட்டனர். பதினெட்டு வயதில் கொள்ளைக்காகக் கைதான ஒருவன், பின்னர் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் எவ்வழக்கிலும் சிக்காதிருந்தால், அவனால் வரக்கூடிய அபாயம் அதே வயதுடைய பொதுமக்களின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று கண்டனர். வீடு புகுந்து திருடியவனுக்கு அது சுமார் நான்கு ஆண்டு. நம் நாட்டுக்கு இவ்வெண்கள் அப்படியே பொருந்தும் என்று நான் கூறவில்லை. ஐயத்துக்கும் ஓர் எல்லை உண்டு, அதனைக் கணக்கிட முடியும் என்பதே நாம் கொள்ள வேண்டிய பொருள்.

சட்டம் கற்றவனல்லன் நான், கோப்பு கற்றவன். கோப்பறிவு எனக்கு மூன்றைக் கூறுகிறது. ஒருவனை மறுப்பதாயின், அவன் மாற்றிக்கொள்ளக்கூடியதைக் காரணமாகக் கூற வேண்டும். பிறப்பையும் பழைய நாளையும் எவனாலும் மாற்ற முடியாது. இரண்டாவது, அக்காரணத்தை அவனுக்குக் காட்டி, அவன் மறுமொழியையும் அதே தாளில் எழுத வேண்டும். மூன்றாவதாக, மறுப்பின் கீழ் ஒரு நாள் குறிக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் நிலுவைக் கோப்பு எதனையும் மீண்டும் வைக்க வேண்டிய நாளைக் குறிக்காமல் கட்டிவைப்பது குற்றம். ஒரு தாளுக்குக் கொடுக்கும் அந்த மரியாதையை ஒரு மனிதனுக்குக் கொடுக்கலாகாதா?

வேற்றூர் வந்து வாழும் நமக்கு இதில் தனிக்கடமை உண்டென்று நினைக்கிறேன். முதன்முதல் இந்நகரில் வீடு தேடி அலைந்த நாளை மறந்தவர் நம்மில் உண்டோ? "எந்த ஊர்? இங்கே யாரைத் தெரியும்?" என்ற வினாவுக்கு விடையின்றி நின்றோம். எவரோ ஒரு தெலுங்குக் குடும்பத்தார், மொழி தெரியாத நம் முகத்தைப் பார்த்துச் சாவியைக் கொடுத்தனர். நாம் குற்றம் ஏதும் செய்தவர் அல்லேம்; ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆயினும் முன்பின் அறியாதவரால் நம்பப்படுதல் எத்தகைய கொடை என்பதை அறிந்தவர்கள் நாம்.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், வேலை மறுக்கப்படுவோரின் காரணத்தையும் மறுபரிசீலனை நாளையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்று நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். வாதம் நிகழ்ந்தது. சிலர் என்னை ஏட்டுச்சுரைக்காய் என்றனர். முடிவில் தீர்மானம் நிறைவேறியது. முதல் பதிவாக அந்தப் பழைய விண்ணப்பத்தையே மீண்டும் எழுதி, காரணம் என்ற இடத்துக்கு வந்தபோது என் பேனா நின்றுவிட்டது. எழுதத்தக்க காரணம் ஒன்றும் இல்லை. விண்ணப்பத்தில் கண்ட எண்ணுக்குத் தொலைபேசினேன். அது வேறொருவரிடம் இருந்தது.

அப்பக்கத்தில் காரணத்துக்குரிய இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. நாள் என்ற இடத்தில் மட்டும், "எப்போது வந்தாலும்" என்று எழுதியிருக்கிறேன்.